ஓடுவதா, எறிவதா? ஒரே ஆளைப் பார்த்து ஆடும் ஆட்டம்
உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டுப் பாடம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வாங்கியாச்சு. பையன் கேம்ஸ் ஆடுறான், படம் பார்க்கிறான். வேற என்னதான் செய்யலாம்?" இந்தக் கேள்விக்கு பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பதில் ஒரு விளையாட்டு மைதானத்திலிருந்து வருகிறது. அதுவும் நாம் யாரும் ஆடாத அமெரிக்கன் ஃபுட்பாலிலிருந்து.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினால் கல்வராயன் மலையில் கரியாலூர் வரும். என் தங்கையின் குடும்பம் அங்கே இருக்கிறது. பள்ளியில் படிக்கும் தங்கை மகனுக்கு கபடி என்றால் உயிர். சென்ற வருடம் அவனுக்காக ஒரு லேப்டாப் வாங்கினார்கள். அதைத் தயார் செய்து கொடுக்க நான் போயிருந்தேன். வேண்டிய சாஃப்ட்வேர்களைப் போட்டுக் கொண்டிருந்தபோது, நண்பனின் பென் டிரைவில் இருந்து ஒரு வீடியோவைக் காட்டினான். ஹெல்மெட் போட்ட ஆட்கள் முட்டி மோதும் அமெரிக்கன் ஃபுட்பால்.

"மாமா, இந்த ஆளு பந்தை பக்கத்துல இருக்கிறவன்கிட்ட கொடுத்தானா, கொடுக்கலையா? கொடுக்கற மாதிரி நீட்டினான். திடீர்னு பிடுங்கி எறிஞ்சிட்டான். முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தானா?"

நல்ல கேள்வி. அவன் அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. பள்ளி கபடி அணியில் அவனைச் சேர்க்கவில்லை. "நீ வேகமாத்தான் போற. ஆனா என்ன செய்யணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டுப் போற" என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். அடுத்த தேர்வுக்கு இரண்டே வாரம்தான் பாக்கி. அந்த இரண்டு வாரத்தில் லேப்டாப்பை வைத்து என்ன செய்தோம் என்பதை இனி பார்ப்போம்.

முதலில் ஆட்டம் என்ன?

அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். அணிக்கு 11 பேர் களத்தில் இருப்பார்கள். பந்து இரண்டு முனையும் கூராக நீள்வட்டமாக இருக்கும். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள் தரப்படும். இதற்கு டவுன் என்று பெயர். 4 டவுனுக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு கிடைக்கும். முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

முன்னேற வழி இரண்டுதான். ஒன்று, பந்தைக் கையில் பிடித்துக் கொண்டு ஓடுவது. இது ரன். இரண்டு, முன்னால் ஓடும் ஆளுக்கு எறிவது. இது பாஸ். ஆரம்ப காலத்தில் ரன் மட்டுமே இருந்தது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி 1906ல்தான் வந்தது.

அணியின் மூளை குவார்ட்டர்பேக். பந்து அவர் கைக்கு வருவதை ஸ்நாப் என்கிறார்கள். அவர் பக்கத்தில் ஓடுவதற்குத் தயாராக ரன்னிங் பேக் நிற்பார். இருவருக்கும் முன்னால் மதில் போல நிற்கும் ஐந்து பேர் லைன்மேன்கள். எதிரணியில் இந்த மதிலுக்கு எதிரே சற்றுப் பின்னால் நிற்பவர் லைன்பேக்கர். நம் கதையின் வில்லன் இவர்தான்.

லைன்பேக்கருக்கு இரண்டு வேலை. எதிரணி ரன் ஆடினால் முன்னே பாய்ந்து மடக்க வேண்டும். பாஸ் ஆடினால் பின்னே போய் எறியும் இடத்தை அடைக்க வேண்டும். எது வரப் போகிறது என்று அவர் எப்படித் தெரிந்து கொள்வார்? லைன்மேன்களின் முதல் அடியைப் பார்ப்பார். அவர்கள் முன்னே முட்டினால் ரன். பின்வாங்கிக் காவல் நின்றால் பாஸ். இதுதான் அவர் கற்ற பாடம்.

ஆர்.பி.ஓ. என்ற தந்திரம்

ரன் பாஸ் ஆப்ஷன் என்பதன் சுருக்கம்தான் ஆர்.பி.ஓ. இதில் லைன்மேன்கள் எப்போதும் ரன் ஆடுவது போலவே முன்னே முட்டுவார்கள். அதே நேரத்தில் ஒரு ரிசீவர் லைன்பேக்கருக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்திற்கு ஓடுவார். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றருகே நீட்டுவார். ஆனால் அவர் கண் ரன்னிங் பேக் மேல் இருக்காது. அந்த ஒரு லைன்பேக்கர் மேல்தான் இருக்கும்.

லைன்பேக்கர் முன்னே பாய்ந்தால், பந்தைப் பின்னுக்கு இழுத்து அவர் விட்டுவிட்டு வந்த இடத்தில் எறிந்துவிடுவார். லைன்பேக்கர் பின்னே நின்றால், பந்தை ரன்னிங் பேக்கிடமே விட்டுவிடுவார். முன்னே ஓர் ஆள் குறைவு. ஓடுவது சுலபம்.

அதாவது எதிரி எதைச் செய்தாலும் தவறு. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலைதான் லைன்பேக்கருக்கு.

கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால் இது ஒரு இஃப் – தென் – எல்ஸ் கட்டளை. "ஆள் முன்னே வந்தால் எறி. இல்லையென்றால் கொடு." பழைய ஆட்டமுறை மேக்ரோவைப் போன்றது. பட்டனை அழுத்தினால் பதிவு செய்து வைத்த வரிசைப்படி எல்லாம் நடக்கும். நடுவில் என்ன நடந்தாலும் மாறாது. ஆர்.பி.ஓ.வோ பாதி வழியில் நின்று ஒரு கேள்வி கேட்கிறது. பதிலைப் பொறுத்து வழி பிரிகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பிளே ஆக்‌ஷன் என்று இன்னொரு ஆட்டமுறை உண்டு. அதிலும் பந்தைக் கொடுப்பது போல நீட்டி, பிறகு எறிவார்கள். பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் பிளே ஆக்‌ஷனில் பாஸ் என்று முன்பே முடிவாகிவிட்டது. நீட்டுவது வெறும் நடிப்பு. ஆர்.பி.ஓ.வில் நீட்டும் நேரத்தில் எதுவும் முடிவாகவில்லை. என் மருமகன் கேட்ட கேள்விக்கு பதில் இதுதான். "இல்லடா மாப்ளே, முன்னாடி யோசிச்சு வைக்கல. கை நீட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் முடிவு பண்ணான்."

ஏன் வேகமாக எறிய வேண்டும்?

இதில் ஒரு விதி குறுக்கே நிற்கிறது. பாஸ் ஆடும்போது, பந்து கையை விட்டுப் போவதற்கு முன் லைன்மேன்கள் ரொம்ப தூரம் முன்னே போயிருக்கக் கூடாது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் இந்த எல்லை 1 யார்டு. கல்லூரி ஆட்டத்தில் 3 யார்டு. மீறினால் 5 யார்டு பின்னே தள்ளிவிடுவார்கள்.

ஆர்.பி.ஓ.வில் லைன்மேன்கள் முன்னே முட்டிக் கொண்டு போகிறார்கள் அல்லவா? அவர்கள் எல்லையைத் தாண்டுவதற்குள் பந்து பறந்தாக வேண்டும். எனவேதான் இதில் நீண்ட பாஸுக்கு இடம் குறைவு. குறுக்காக வெட்டி ஓடும் ஆளுக்கு சட்டென்று எறிவது, ஓரமாக நிற்கும் ஆளுக்கு பக்கவாட்டில் எறிவது போன்ற குறும் பாஸ்கள்தான் அதிகம். கல்லூரியில் எல்லை தாராளமாக இருப்பதால் இந்த ஆட்டமுறை முதலில் அங்கே செழித்தது. பிறகே என்.எஃப்.எல்.லுக்குள் பரவியது.

இதன் வேர் பழையது. 1960கள், 70களிலேயே குவார்ட்டர்பேக் எதிரியைப் பார்த்து பந்தைக் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவெடுக்கும் ஆப்ஷன் ஆட்டங்கள் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவில் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் பயிற்சியாளராக இருந்த ரிச் ரோட்ரிகஸ் இதை ஜோன் ரீட் என்ற புதிய வடிவத்திற்குக் கொண்டு வந்தார். ஓர் எதிரியைத் தடுக்காமல் விட்டுவிட்டு, அவரைப் பார்த்து முடிவெடுப்பதுதான் ஜோன் ரீட். இதோடு குறும் பாஸையும் சேர்த்தபோது ஆர்.பி.ஓ. பிறந்தது.

உலகம் முழுக்க இந்தப் பெயர் தெரிந்தது 2018 பிப்ரவரி 4 அன்று. மினியாபொலிஸில் நடந்த 52வது சூப்பர் பவுல் இறுதி ஆட்டம். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் அதற்கு முந்தைய டிசம்பரில் காயம்பட்டு வெளியேறியிருந்தார். மாற்று ஆட்டக்காரரான நிக் ஃபோல்ஸ் களமிறங்கினார். பயிற்சியாளர் டக் பீடர்சன் அந்த சீசனில் ஆர்.பி.ஓ.வை நன்றாகப் பயன்படுத்தியிருந்தார். களம் முழுக்க 11 பேரையும் அலசுவதற்குப் பதில் ஒருவரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் போதும் என்பது மாற்று ஆட்டக்காரருக்குப் பெரிய வசதி. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை ஈகிள்ஸ் 41-33 என்று வென்றது. அது அந்த அணியின் முதல் சூப்பர் பவுல் கோப்பை. சிறந்த ஆட்டக்காரர் விருது ஃபோல்ஸுக்கே கிடைத்தது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கொஞ்சம் உண்டு. 2012ல் எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்ற பெயரில் இங்கே ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் லீக் நடந்தது. சென்னை ஸ்வார்ம் என்று சென்னைக்கும், கொழும்பு லயன்ஸ் என்று கொழும்புக்கும் அணிகள் இருந்தன. அது நிலைக்கவில்லை. ஆனால் 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு ஃபிளாக் ஃபுட்பாலையும் சேர்த்தது. இது அணிக்கு 5 பேர் ஆடும், முட்டல் மோதல் இல்லாத வடிவம். இடுப்பில் தொங்கும் கொடியை உருவினால் ஆளை மடக்கியதாகக் கணக்கு. ஒரு மைதானமும் ஒரு பந்தும் இருந்தால் பள்ளிக்கூடத்திலேயே ஆடலாம்.

ஆனால் நிஜமான சம்பந்தம் வேறு இடத்தில் இருக்கிறது. அது நம் கபடியில்.

ஒரு ரெய்டர் பாடிக்கொண்டு எதிர்க் களத்திற்குள் போகிறார். அவருக்கு 30 விநாடி. எதிரே 7 பேர். புள்ளி எடுக்க இரண்டு வழி. ஒன்று, யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்புவது. இரண்டு, போனஸ் கோடு. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் லைன். அதற்கு 1 மீட்டர் அப்பால் போனஸ் கோடு. எதிரணியில் 6 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும்போது, ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டி ஊன்றி, மறு கால் தரையில் படாமல் இருந்தால் ஒரு புள்ளி.

போனஸ் கோட்டைக் காப்பவர் ஓரத்தில் நிற்கும் கார்னர். அவருக்கும் இரண்டு வேலை. ரெய்டர் போனஸுக்குக் காலை நீட்டினால் முன்னே பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். ஆனால் முன்னே வந்தால் ரெய்டரின் கைக்கோ கால் விரலுக்கோ எட்டிவிடுவார். வராமல் பின்னே நின்றால் போனஸ் போய்விடும். லைன்பேக்கரின் அதே அவஸ்தை. கார்னர் முன்னே வந்தால் தொடு. நின்றால் போனஸ் எடு. இரண்டும் இல்லையென்றால் திரும்பி வா. இது நம் ஊர் ஆர்.பி.ஓ.

கார்னரில் நின்று பேர் வாங்கிய தமிழர்கள் உண்டு. 2016 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்த தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் வலது கார்னர். இவரைப் போன்ற ஆட்களின் ரெய்டுகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், ரெய்டர் எப்படித் தடுமாறுகிறார் என்பது புரியும். எப்படி மெதுவாக ஓட்டுவது? இனி நம் கம்ப்யூட்டருக்கு வருவோம்.

முதல் வேலை: வீடியோவைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வருவது

செல்போனில் உங்கள் ஊர் ஆட்டத்தை எடுங்கள். களத்தின் பின் கோட்டுக்குப் பின்னால், கொஞ்சம் உயரமான இடத்தில் போனைப் படுக்கை வாக்கில் வைத்து எடுப்பது நல்லது. பக்கவாட்டில் நின்று எடுத்தால் கார்னரை மற்றவர்கள் மறைத்துவிடுவார்கள். நாங்கள் முதல் நாள் அப்படித்தான் எடுத்து வீணடித்தோம்.

பிறகு போனை யு.எஸ்.பி. கேபிளில் இணையுங்கள். பெரும்பாலும் போன் சார்ஜ் மட்டும் ஆகும், கம்ப்யூட்டரில் தெரியாது. பயப்பட வேண்டாம். போன் திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் யு.எஸ்.பி. பற்றிய அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ஃபைல் எக்ஸ்புளோரரில் போன் தெரியும். டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டருக்குள் கேமரா ஃபோல்டர் இருக்கும். வீடியோவை காப்பி செய்து உங்கள் வீடியோஸ் ஃபோல்டரில் பேஸ்ட் செய்யுங்கள். ஃபைலுக்கு தேதியைப் பெயராகக் கொடுங்கள். பத்து ஆட்டம் சேர்ந்த பிறகு எது எதுவென்று தேட வேண்டாம்.

இரண்டாவது வேலை: நொடியை நறுக்குவது

இதற்கு வி.எல்.சி. மீடியா பிளேயர் போதும். பாரிஸில் மாணவர்கள் 1996ல் தொடங்கிய பிராஜெக்ட் இது. முழுக்க இலவசம். வீடியோலேன் தளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்யுங்கள். ஒரு முறை இன்ஸ்டால் செய்துவிட்டால் இன்டர்நெட் தேவையில்லை. மலையில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

வீடியோவைத் திறந்து ஓட விடுங்கள். ஸ்பேஸ் பார் தட்டினால் நிற்கும். கழித்தல் குறியைத் தட்டினால் வேகம் குறையும். கூட்டல் குறி வேகத்தைக் கூட்டும். சமக் குறி தட்டினால் பழைய வேகத்திற்குத் திரும்பும்.

அடுத்ததுதான் முக்கியம். கீபோர்டில் ஆங்கில எழுத்து வரிசையின் ஐந்தாவது எழுத்தான ஈ என்பதைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே ஒரு ஃபிரேம் நகரும். விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் போன் என்றால் ஒரு தட்டு என்பது ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. இது முன்னோக்கி மட்டுமே நகரும். தவறவிட்டால் கொஞ்சம் பின்னே இழுத்து மறுபடி வர வேண்டும்.

வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ் என்பதை கிளிக் செய்தால் கீழே நான்கு புதிய பட்டன்கள் வரும். அதில் ஒன்று, வீடியோவின் ஒரு சிறு பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும். ஒரு ரெய்டை மட்டும் இருபது முறை பார்க்க இது உதவும்.

இப்படிப் பார்த்தபோதுதான் மருமகன் வாயடைத்துப் போனான். அவன் போனஸுக்குக் காலை நீட்டுகிறான். கார்னர் ஏற்கனவே முன்னே வந்துவிட்டார். கை எட்டும் தூரம். தொட்டிருந்தால் புள்ளி. ஆனால் அவன் பார்வை கோட்டின் மேல் இருக்கிறது, ஆளின் மேல் இல்லை. அடுத்த ஃபிரேமில் கணுக்கால் கார்னர் கையில். "சார் சொன்னது நிஜந்தான் மாமா" என்றான்.

மூன்றாவது வேலை: கணக்கு எழுதுவது

லிப்ரேஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் கால்க் என்ற புரோகிராம் உண்டு. எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். முதல் வரிசையில் ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள்.

1. ரெய்டு எண்
2. கார்னர் முன்னே வந்தாரா (ஆம் / இல்லை)
3. நம் ஆள் செய்தது (தொட்டான் / போனஸ் / திரும்பினான்)
4. முடிவு சரியா (சரி / தவறு)
5. புள்ளி கிடைத்ததா (ஆம் / இல்லை)

நான்காவதும் ஐந்தாவதும் ஒன்று போலத் தோன்றும். ஒன்றல்ல. கார்னர் முன்னே வந்தபோது தொடப் போயிருந்தால், பிடிபட்டாலும் முடிவு சரி என்றே எழுதுங்கள். கார்னர் முன்னே வந்தும் போனஸுக்குப் போய், அதிர்ஷ்டத்தில் புள்ளி கிடைத்திருந்தால் முடிவு தவறு என்று எழுதுங்கள். புள்ளியை வைத்து மட்டும் கற்றுக் கொள்பவன் அதிர்ஷ்டத்தையும் திறமை என்று நினைத்துவிடுவான்.

எல்லா ரெய்டையும் எழுதியதும், தலைப்பு வரிசையில் கர்சரை வைத்து டேட்டா மெனுவில் ஆட்டோ ஃபில்டர் கிளிக் செய்யுங்கள். எக்ஸெல்லில் வெறும் ஃபில்டர் என்று இருக்கும். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு சிறிய அம்புக்குறி வரும். நான்காவது தலைப்பின் அம்பை கிளிக் செய்து "தவறு" என்பதை மட்டும் டிக் செய்து ஓ.கே. கொடுங்கள். தவறான ரெய்டுகள் மட்டும் திரையில் நிற்கும். மொத்தத்தில் எத்தனை என்பதும் கீழே ஸ்டேட்டஸ் பாரில் தெரியும். ஃபார்முலா எதுவும் தேவையில்லை.

பார்த்து ஆடினால் எவ்வளவு லாபம்?

இதையும் கால்க்கிலேயே போட்டுப் பார்க்கலாம். கீழே இருப்பது புரிவதற்காக நான் எடுத்துக் கொண்ட கற்பனை எண்கள்.

லைன்பேக்கர் முன்னே வந்தால்: ரன்னுக்கு 1 யார்டு, பாஸுக்கு 8 யார்டு.
லைன்பேக்கர் பின்னே நின்றால்: ரன்னுக்கு 6 யார்டு, பாஸுக்கு 2 யார்டு.

லைன்பேக்கர் பாதி தடவை முன்னே வருகிறார், பாதி தடவை நிற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஏதாவது ஒரு கட்டத்தில் =(1+6)/2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 3.5 வரும். எப்போதும் ரன் ஆடினால் கிடைக்கும் சராசரி இது. எப்போதும் பாஸ் ஆடினால் =(8+2)/2, அதாவது 5. ஒவ்வொரு தடவையும் சரியாகப் பார்த்து ஆடினால் =(8+6)/2, அதாவது 7. ஒவ்வொரு தடவையும் தவறாகப் பார்த்தால் =(1+2)/2, வெறும் 1.5.

மனிதன் எப்போதும் சரியாகப் பார்க்க மாட்டான். 10ல் 8 தடவை சரி என்றால் =0.8*7+0.2*1.5 என்று டைப் செய்யுங்கள். 5.9 வரும். நல்ல லாபம். 10ல் 5 தடவைதான் சரி என்றால் =0.5*7+0.5*1.5. விடை 4.25.

இந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்கள். கண்ணை மூடிக் கொண்டு எப்போதும் பாஸ் ஆடியவனுக்கே 5 கிடைத்தது. அரைகுறையாகப் பார்த்து ஆடியவனுக்கு அதை விடக் குறைவு! 0.5க்குப் பதில் வேறு எண்களைப் போட்டுப் பாருங்கள். =0.64*7+0.36*1.5 என்று போட்டால்தான் 5ஐத் தாண்டுகிறது. அதாவது இந்தக் கணக்குப்படி 100க்கு 64 தடவையாவது சரியாகப் பார்க்கத் தெரிந்தால்தான் இந்த ஆட்டமுறையால் லாபம். தந்திரம் மட்டும் போதாது. பார்க்கும் பயிற்சி வேண்டும்.

"அப்ப எப்பவும் பாஸே ஆடிட்டா என்ன மாமா?" என்று மருமகன் கேட்டான். நீங்களும் கேட்பீர்கள். நாலு தடவை பாஸ் ஆடினால் ஐந்தாவது தடவை லைன்பேக்கர் நகரவே மாட்டார். பிறகு 5 கிடைக்காது, 2தான். எதிரியும் பார்த்துக் கொண்டிருக்கிறார் அல்லவா? "நீ எப்பவும் போனஸுக்கே போறியே, அதே கதைதான்" என்றேன். சிரித்தான்.

எதிரிக்கும் மூளை உண்டு

ஆர்.பி.ஓ. பரவியதும் தடுப்பணிகளும் பதில் கண்டுபிடித்தன. ஒவ்வொரு ரிசீவருக்கும் தனித்தனியாக ஓர் ஆளைக் காவல் போட்டுவிட்டால், லைன்பேக்கருக்கு பாஸ் பற்றிய கவலை இல்லை. அவர் ரன்னை மட்டும் பார்க்கலாம். இன்னொரு வழி, லைன்பேக்கர் ஓர் அடி வைத்தும் வைக்காமலும் தயங்கி நின்று குவார்ட்டர்பேக்கையே குழப்புவது.

கபடியிலும் இதுதான். கார்னரும் பக்கத்து ஆளும் கை கோத்துச் சங்கிலி போட்டு நின்றால், ஒருவர் பாயும்போது மற்றவர் துணை வருவார். அப்போது "கார்னர் முன்னே வந்தால் தொடு" என்ற கணக்கு மட்டும் போதாது. உங்கள் அட்டவணையில் "சங்கிலியா, தனியா" என்று இன்னொரு தலைப்பைச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* பத்து ரெய்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். குறைந்தது மூன்று, நான்கு ஆட்டங்கள் சேரட்டும்.
* பள்ளிப் பிள்ளைகளின் வீடியோவை அவர்களையும் பெற்றோரையும் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.
* வீடியோ ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கை விரைவில் நிரப்பிவிடும். தேவையான ரெய்டுகளை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.
* அமெரிக்கன் ஃபுட்பாலை கேமாக ஆட ஆசைப்படுபவர்களுக்கு மேடன் என்.எஃப்.எல். உண்டு. 1988ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் தொடங்கிய வரிசை இது. இதன் சமீபத்திய பதிப்புகளில் ஆர்.பி.ஓ. ஆட்டங்களும் உள்ளன. ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும். சாதாரண லேப்டாப் வாங்கியவர்கள் காசு கொடுப்பதற்கு முன், கேமுக்குத் தேவையான கம்ப்யூட்டர் விவரத்தைப் படித்துவிடுங்கள்.
* மாலையில் ஆட்டம், இரவில் அரை மணி நேரம் கம்ப்யூட்டர். இந்த வரிசை மாறக் கூடாது.

பிறகு என்ன ஆனது?

இரண்டு வாரம் அவன் மாலையில் ஆடினான், இரவில் எழுதினான். கால்க்கில் "தவறு" என்ற வரிசைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. தேர்வு நாளன்று நானும் போயிருந்தேன். முதல் ரெய்டிலேயே பிடிபட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அவன் முகம் வாடவில்லை. வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "முடிவு சரி மாமா. கால்தான் வழுக்கிடுச்சு."

பிறகு ஒரு ரெய்டில் கார்னர் அசையாமல் நிற்க, போனஸ் எடுத்தான். இன்னொன்றில் கார்னர் அரை அடி முன்னே வர, நீட்டிய காலாலேயே அவர் கையைத் தட்டிவிட்டுத் திரும்பினான். கடைசி ரெய்டில் எதுவும் கிடைக்காமல் திரும்பி வந்தான். பி.டி. சார் அவனைக் கூப்பிட்டு, "இன்னிக்குத்தான் பார்த்துட்டுப் போன" என்றார். முதல் ஏழு பேரில் இடமில்லை. மாற்று ஆட்டக்காரர்களில் அவன் பெயர் இருந்தது.

"நிக் ஃபோல்ஸும் மாற்று ஆளுதானே மாமா?" என்று வண்டியில் வரும்போது கேட்டான். ஆமாம் என்றேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஆடுவது கபடியாக இருக்கலாம், கால்பந்தாக இருக்கலாம், சிலம்பமாகக்கூட இருக்கலாம். ஒரு போன், ஒரு கேபிள், இரண்டு இலவச சாஃப்ட்வேர் போதும். இன்று மாலை ஆட்டத்தை எடுங்கள். இரவு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டிப் பாருங்கள். எங்கே தவறினோம் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவனே சொல்லிவிடுவான்.